தேக்குச் சுவரும் மலைப்பூண்டும்

"அரசுக் கட்டடத்துக்கோ அதன் உட்புற வேலைப்பாட்டுக்கோ சேதம் நேரும் நிலை இருந்தால், அதைத் தடுக்க அவசியமானதைப் பொறுப்பில் உள்ள அலுவலர் உடனே செய்யலாம், செய்த பிறகு மேலிடத்துக்குத் தெரிவித்தால் போதும்."

எங்கள் துறையின் விதிப் புத்தகத்தில் இருந்த விதி இது. மூலம் ஆங்கிலம், தமிழ் என்னுடையது. அதன் எண்ணும் எனக்கு நினைவிருக்கிறது. எழுதினால் எந்தத் துறை என்று தெரிந்துவிடும், ஆகவே விட்டுவிடுகிறேன். 1958-இல் கொடைக்கானலில் இந்த ஒரு விதியை மதித்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. ஆனால் எங்கள் கணக்கு அலுவலகத்துக்கு வேறொரு விதியின் மேல்தான் பிரியம்: "குடியிருப்போர் இல்லாத கட்டடத்துக்கு விறகு வழங்கப்படமாட்டாது."

இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவே ஒரு மாளிகை மாட்டிக்கொண்டது. பின்னாலேயே நானும்.

ஏரிக்கு மேலே, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இருந்தது அந்த மாளிகை. ஒரு காபித் தோட்டத் துரை கட்டியது. நாடு சுதந்திரம் அடைந்த பின் அவர் அதை அரசுக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். சில ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. பிறகு அதை அதிகாரிகள் தங்கும் விருந்தினர் மாளிகையாக்குவது என்று முடிவானது. உள்ளே எதையும் மாற்றாமல், இருந்தது இருந்தபடி புதுப்பிக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த வேலைக்குப் பொறுப்பாளனாக என்னைப் போட்டார்கள். அப்போது நான் சமவெளியிலிருந்து மலையேறிப் போன இளம் மேற்பார்வையாளன். விதிப் புத்தகம் முழுக்க மனப்பாடம். குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஒரு நல்ல கம்பளிகூடக் கிடையாது.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கல் வீடு. உள்ளே போனால்தான் தெரியும். பெரிய கூடத்தின் சுவர்களில் தோள் உயரத்துக்குத் தேக்குப் பலகை. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ஒரு கொடி செதுக்கியிருக்கும். எந்த இரண்டு கொடியும் ஒன்றுபோல் இராது. அதற்கு மேலே பூப்போட்ட காகிதம் ஒட்டிய சுவர். கூரையின் அடிப்பக்கம் சுண்ணச் சாந்தில் வார்த்த இலைகளும் பழங்களும். தரையும் மரம்தான். அறைக்கு அறை கணப்பு. அதுதான், சுவருக்குள்ளேயே கட்டிய, புகைபோக்கி வைத்த குளிர்காயும் அடுப்பு.

மதுரையிலிருந்து ஆசாரிகள் வந்தார்கள். செல்லரித்த பலகையை எடுத்துவிட்டுப் பர்மா தேக்கில் அதே கொடியைச் செதுக்கி வைத்தார்கள். அரக்கையும் ஸ்பிரிட்டையும் கலந்து பாலிஷ் போட்டார்கள். கோடை முடிவதற்குள் வேலை முடிந்தது. கூடத்துச் சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வரவேண்டும், அவருக்குத் தேதி ஒழியவில்லை. ஆகவே நாங்கள், சமவெளிக்காரர்கள் ஒரு நல்ல பொருளைப் பத்திரப்படுத்த எதைச் செய்வோமோ அதைச் செய்தோம். ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தி, பூட்டுப் போட்டு, பின்வாசல் சாவியை மட்டும் காவலாளியிடம் விட்டு, மற்றதைப் பீரோவில் வைத்தோம்.

மழை பிடித்தது. அந்த வருஷம் மழை விடவே இல்லை. ஐப்பசியில் நான் போய்க் கூடத்தைத் திறந்தபோது உள்ளே ஒரு மேகம் குடியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பாலிஷ் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. பலகைகள் ஓதம் குடித்து வயிறு உப்பி நின்றன. சுவரில் ஒட்டிய காகிதம் ஈர வேட்டி போலத் தொங்கியது. செதுக்கிய கொடிகளின் பள்ளங்களில் பச்சையாகப் பூசணம்.

தகவல் தெரிந்து எங்கள் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல அதிகாரிதான், எதிலும் சந்தேகமே வராத மனிதர். கூடத்தின் நடுவில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இதுக்குத்தான் சொல்றது, இந்த மரம், காயிதம் எல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வராதுன்னு. பிடுங்கிப் போட்டுட்டு சிமெண்ட் பூசு. மேலே டிஸ்டெம்பர் அடி. பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

"சார், இருந்தது இருந்தபடி வைக்கணும்னு உத்தரவு இருக்கு."

"இருக்கிறதுதான் அழுகிப்போச்சே? கண்டம் பண்ணிடலாம். தை மாசம் நானே வர்றேன். நீ பேப்பர் ரெடி பண்ணி வை."

கண்டம் என்றால் எங்கள் துறையில் மரண தண்டனை. 'பயனற்றது' என்று எழுதிக் கையெழுத்தாகிவிட்டால் அந்தப் பொருளுக்கு அப்பீலே கிடையாது. தேக்கெல்லாம் ஏலத்துக்குப் போகும். எவனோ அதில் கோழிக்கூண்டு செய்வான். எனக்குத் தை மாதம் வரை அவகாசம்.

அதே வாரத்தில் இன்னொரு தலைவலி. மாளிகையின் காவலாளி மனைவியோடு கட்டடத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறான் என்று மொட்டைக் கடிதம் வந்தது. அவனுக்குத் தோட்டத்து மூலையில் தனியாக ஒரு அறை கொடுத்திருந்தோம். அரசுக் கட்டடத்துக்குள் அனுமதியின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றும் முறையும் எனக்கு அத்துபடி. நோட்டீசை எழுதி எடுத்துக்கொண்டு வெள்ளனே கிளம்பிப் போனேன்.

மாளிகையின் பின்பக்கத்தில் துரைமார்கள் உட்கார்ந்து சாப்பிட்ட அறை. கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே பூண்டு வாடை வந்து என்னை வரவேற்றது. காவலாளியின் மனைவி திறந்தாள். மலையிலேயே பக்கத்தில் உள்ள பள்ளங்கி ஊர்க்காரி. அவளுக்குப் பின்னால் கணப்பு கனகனவென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் குறுக்கும் நெடுக்கும் கழிகள் கட்டி, தாளோடு முடிந்த மலைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. காவலாளி என்னைப் பார்த்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அவள் அசையவில்லை.

"என்னம்மா இது?"

"பூண்டு சார்."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"பின்ன எங்க சார் போட? பெறந்த வீட்டுப் பூண்டு. மழையில அங்க பரண் பூராம் நெறஞ்சு கெடக்கு. காயப் போடலைன்னா மொளச்சுப் போகும், இல்ல அழுகிப் போகும். அடுத்த வெள்ளாமைக்கு வெதைப்பூண்டும் இதுதேன். இங்க அடுப்பு சும்மாத்தானே கெடக்கு?"

"சும்மா கெடந்தா? இது கவர்ன்மென்ட் அடுப்பு."

"கவர்ன்மென்ட் அடுப்புல எங்க வெறகுதேன் எரியுது சார். ஒரு குச்சி உங்களுது கெடையாது. எண்ணிப் பாத்துக்கங்க."

நோட்டீசை நீட்டுவதற்காகக் கையை எடுத்தவன், வழியில் பக்கத்துச் சுவரின் தேக்குப் பலகையைத் தொட்டேன். தொட்ட கை அப்படியே நின்றது. பலகை வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தது. குனிந்து பார்த்தேன். மே மாதம் போட்ட பாலிஷ் போட்டபடி இருந்தது. என் முகம் தெரிந்தது. அதே ஆசாரி, அதே தேக்கு, அதே அரக்கு, அதே மழை. ஒரே ஒரு வித்தியாசம்தான், அது என் முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தது.

துரை இருந்தவரை எல்லா அறையிலும் தினமும் நெருப்பு இருந்திருக்கும். அது அவர் உடம்புக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அதில் பாதி நெருப்பு வீட்டின் உடம்புக்காக எரிந்தது.

நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு அண்ணாந்து பார்த்தேன். கூரையின் சாந்து இலைகள் கரிபிடித்திருந்தன.

"மேல ஏன் இப்படிக் கரி?"

"பொகையெல்லாம் மேல ஓடிப்போகுது சார், இந்தப் பாழாப்போன அடுப்புல. பூண்டுக்குப் பொகை படணும்ல? அதேன் மேல ஓட்டைல சாக்கைத் திணிச்சு வச்சிருக்கேன்."

அன்றைக்கே கணக்கு அலுவலகத்துக்கு விறகு கேட்டு எழுதினேன். நாலு கணப்புக்கும் தை வரைக்கும் வாட்டில் மர விறகு. கேட்டது போன வேகத்திலேயே திரும்பி வந்தது. முதலில் சொன்னேனே, அந்தப் பிரியமான விதியை மேற்கோள் காட்டியிருந்தார்கள். குடியிருப்போர் யார்? யாரும் இல்லை. யாரும் இல்லை என்றால் குளிர்வது யாருக்கு? கேள்வி நியாயமானதுதான். சுவருக்குக் குளிரும் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

ஆகவே தலைமையிடத்துக்கு நேராக ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு விதிகளையும் அடுத்தடுத்து எடுத்து எழுதி, இந்தக் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்று தெரிவிக்கக் கேட்டிருந்தேன். கடைசி வரி இது: "தங்கள் பதில் கிடைக்கும்வரை, கட்டடத்தைக் காக்க அவசியமான நடவடிக்கைகளை மேற்கொள்கிறேன்." பூண்டு என்ற சொல்லை அதில் எழுதவில்லை. என்ன நடவடிக்கை என்று அவர்களும் கேட்கவில்லை.

மறுநாள் திரும்பப் போய்க் காவலாளியின் மனைவியிடம் பேரம் பேசினேன். அரசு ஊழியத்தில் நான் செய்த பேரங்களிலேயே கடினமானது அதுதான்.

"உங்க ஊர்ல இன்னும் எவ்வளவு பூண்டு ஈரமா இருக்கு?"

"ஏன் சார், பிடிச்சிட்டுப் போவீகளா?"

"இல்லம்மா. கொண்டுவரச் சொல்லு. கூடத்துல ரெண்டு கணப்பு, மாடியில ஒண்ணு, இது ஒண்ணு. நாலுலயும் போட்டுக்கலாம். விறகு உங்களுது. தினமும் அணையாம எரியணும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் வேலை போய்விட்டதாகவே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தான் போலும். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றான்.

"ஆனா சாக்கை எடுத்துடணும்," என்றேன். "புகை ஒரு பொட்டு உள்ள வரக்கூடாது."

"பொகையில்லாம எப்பிடி சார் பூண்டு காயும்?"

"சூட்டுல காயும்."

"ரெட்டிப்பு நாளாகும்ல? வெறகும் ரெட்டிப்பு. எங்களுக்கு என்ன லாவம்?"

"ஊர்ல வச்சிருந்தா அழுகிப்போகும். இங்க வச்சா ரெட்டிப்பு நாள் ஆகும். எது லாபம்னு நீயே சொல்லு."

"சுவத்துக்காக இம்புட்டு மல்லுக்கட்டுறீகளே சார், சொந்த வீடு கட்டியாச்சா?" என்றாள்.

இல்லை என்றேன். "அதேன்," என்று சொல்லிவிட்டுக் கணப்புக்குள் தலையை நுழைத்துச் சாக்கைப் பிடுங்கினாள். உடன்படிக்கை கையெழுத்தானது.

அந்த வாரமே மட்டக்குதிரைகளின் மேல் மூட்டை மூட்டையாகப் பூண்டும் விறகும் வந்து இறங்கின. "ஏலே, வெரசா எறக்குங்கடா, சார் மனசு மாறிறப் போகுது" என்று தன் தம்பிமாரை அவள் விரட்டிய சத்தம் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். மரத்தரையில் மண் படக்கூடாது என்பது என் நிபந்தனை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி நுழைந்தார்கள். ஜன்னல்களைப் பகலில் ஒரு விரற்கடை திறந்து வைத்தோம். முதல் சில நாட்கள் சுவரிலிருந்து தண்ணீர் வடிந்தது. பிறகு வடிவது நின்றது. உப்பிய பலகைகள் மெல்ல மெல்ல வயிறு வற்றின. தலைமை ஆசாரியை மட்டும் என் பொறுப்பில் திரும்ப வரவழைத்தேன். மனிதர் கூடத்துக்குள் நுழைந்து, கழிகளையும் பூண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சார், நான் பாலிஷ் போடணுமா, தாளிக்கணுமா?" என்று கேட்டார். இரண்டுக்கும் எண்ணெய் வேண்டும் என்றேன்.

கழற்ற வேண்டிய பலகைகளைக் கழற்றி, நெருப்பை விட்டு எட்ட நிறுத்தி உலர்த்தி, வளைவெடுத்து மறுபடி பொருத்தினோம். பூசணத்தைத் துடைத்து, வெளுத்த பாலிஷை ஸ்பிரிட்டால் கழுவி எடுத்து, புதிதாகப் போட்டோம். தொங்கிய காகிதத்தை மைதாப் பசையில், பூசணம் பிடிக்காமலிருக்க, மயில்துத்தம் கலந்து ஒட்டினோம். சாப்பாட்டு அறையின் சாந்து இலைகளைக் காவலாளியின் மனைவியே ஏணி போட்டு ஏறி ரொட்டித் துண்டால் துடைத்தாள். கரி பிடிக்க வைத்தவள் நீதான், எடுப்பதும் நீதான் என்று சொல்லியிருந்தேன். வாய் ஓயாமல் என்னைத் திட்டிக்கொண்டே ஒரு இலை பாக்கியில்லாமல் துடைத்தாள்.

நடுவில் என் நண்பர்கள் சிலர் எச்சரித்தார்கள். பூண்டை எடுத்துவிடு, அதிகாரி வந்தால் தொலைந்தாய் என்றார்கள். எடுத்திருக்கலாம். ஆனால் அவர் வருவது தை மாதக் குளிரில். நெருப்பை நிறுத்தினால் வாரத்துக்குள் சுவர் மறுபடி குடிக்கத் தொடங்கும். அதோடு, வெதைப்பூண்டு இன்னும் முழுசாகக் காயவில்லை. வாக்கு வாக்குதான். அதனால் ஒரு கொத்தைக்கூட நகர்த்தவில்லை.

அதிகாரி வந்தார். அன்றைக்கு மலையில் உறைபனி. ஜீப்பிலிருந்து இறங்கியபோதே உதடு நீலமாக இருந்தது. கூடத்துக்குள் வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, பூண்டைப் பார்த்தார்.

"என்னய்யா இது? கவர்ன்மென்ட் பில்டிங்கா, கமிஷன் மண்டியா?"

சொல்லிக்கொண்டே நேராகக் கணப்புக்குப் போய், அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே என்னைக் காய்ச்சி எடுத்தார். ஒழுங்கு, கட்டுப்பாடு, சஸ்பென்ஷன் எல்லாம் வந்தது. நடுநடுவே திரும்பிக் கைகளை நெருப்பில் காட்டிக்கொண்டார். காவலாளியின் மனைவி கதவோரம் நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"சார், திட்டுறதா இருந்தா இந்தப் பக்கமா வந்து நின்னு திட்டுங்க. பூண்டுக்குச் சூடு போகல."

காவலாளி கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி நகரவில்லை. நகர்ந்தால் குளிரும்.

பிறகு காகிதத்தை எடுத்து நீட்டினார். தேக்குப் பலகைகள் முழுவதும் பயனற்றவை என்று தட்டச்சு செய்து, அவர் கையெழுத்து ஏற்கெனவே போட்டாகியிருந்தது. கட்டடத்தைப் பார்க்காமலேயே போட்டது.

"கையெழுத்துப் போடு."

கண்டம் பண்ணும் முறையை நான் அவருக்குச் சொன்னேன். ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பயனற்றது என்று கட்டடப் பொறுப்பாளர் தன் கண்ணால் கண்டு கையெழுத்திட வேண்டும். மேலதிகாரியின் கையெழுத்து அதற்குப் பிறகுதான். "முதல் பலகையிலிருந்து தொடங்கலாமா சார்?" என்று கேட்டு அவரை அழைத்துப் போனேன். நெருப்பை விட்டு வர அவருக்கு மனமில்லை என்றாலும் வந்தார். முதல் பலகையில் கையை வைத்தார். வறட்டென்று இருந்தது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. மூலையில் இருந்த ஒரு பலகையை விரல் மடக்கித் தட்டினார். தேக்கு, தேக்கு மாதிரியே பதில் சொன்னது.

"இதுல எதை சார் பயனற்றதுன்னு எழுதணும்? காட்டுங்க, எழுதறேன். காட்டலைன்னா என் கையெழுத்துக் கிடையாது."

"நான் ஆர்டர் பண்றேன்."

"எழுத்து மூலமா ஆர்டர் பண்ணுங்க சார். கீழே நான் கண்டதையும் எழுதி ரெண்டையும் சேர்த்து அனுப்பறேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார். போகும்போது, "உன்னை எப்படி கண்டம் பண்றதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

தெரிந்துதான் இருந்தது. தேக்கு பிழைத்தது, குற்றச்சாட்டு எனக்கு வந்தது: அரசுக் கட்டடத்தில் தனியார் விளைபொருளை அனுமதியின்றி வைக்க இடம் கொடுத்தது. விளக்கத்தில் எதையும் மறைக்கவில்லை. ஆமாம், பூண்டு வைத்தேன், நெருப்புக்காக வைத்தேன், எந்த விதி பொருந்தும் என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, அந்தப் பதிலை இன்னும் எதிர்பார்க்கிறேன் என்று எழுதினேன். ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றினார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சம்பள உயர்வு திரும்பக் கிடைக்கும் என்று நல்லெண்ணத்தோடு தூது விட்டார்கள். எழுதவில்லை. வருத்தம் இருந்தால்தானே எழுத?

நான் மலையிறங்குவதற்குள் திறப்பு விழாவும் நடந்துவிட்டது, எனக்கு அழைப்பில்லை. பெரிய மனிதர் கூடத்துச் சுவரைத் தடவிப் பார்த்து, துறையின் அக்கறையைப் பாராட்டிப் பேசினாராம். மேலதிகாரி மாலை போட்டுக்கொண்டார். கூடத்தில் லேசாக ஒரு வாடை வருகிறதே என்று யாரோ கேட்டதற்கு, அது பழைய தேக்கின் இயற்கை மணம் என்று அவர் விளக்கம் சொன்னதாகக் காவலாளியின் மனைவி பிறகு சொன்னாள். சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். அதற்குப் பிறகு அங்கே விருந்தினர் வந்துகொண்டே இருந்தார்கள். குடியிருப்போர் உண்டு என்பதால் விறகும் உண்டு. அவள் பூண்டு நல்ல விதையாகி, அடுத்த வெள்ளாமைக்கும் வந்தது.

என் கடிதத்துக்கு மட்டும் பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். மாற்றலாகிப் போன ஊரிலிருந்தெல்லாம் அனுப்பினேன். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆனது, பதவி உயர்வு தாமதமாக வந்தது, மேலதிகாரி ஓய்வு பெற்றார். கடைசியில் ஒருநாள், பல மேசைகளின் முத்திரைகளோடு, பதில் வந்தது. இரண்டே வாக்கியம். குடியிருப்போர் இல்லாத கட்டடத்துக்கு அரசுச் செலவில் விறகு வழங்க இயலாது. எனினும், உட்புற மரவேலைகள் ஓதத்தால் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பொறுப்பில் உள்ள அலுவலரின் கடமை.

படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் ஒருசேரக் கீழ்ப்படிய எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் உண்டு. அதைச் செய்ததற்குத்தான் என்னைத் தண்டித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகும் வெகுகாலம் வேலை பார்த்து, விதிகளை மதித்து, முறைப்படி அனுமதி கேட்டு, கேட்ட கையோடு வேலையையும் தொடங்கி, நல்லபடியாக ஓய்வு பெற்றேன். கண்ணெதிரே ஒன்று கெட்டுப்போகும்போது, "மேலேயிருந்து பதில் வரட்டும், பொறுங்கள்" என்று யாராவது எனக்குப் புத்தி சொன்னால், இன்றைக்கும் நான் வாதாடுவதில்லை. 1958 ஐப்பசியில் எழுதிய அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்த தேதியை மட்டும் சொல்கிறேன்: 1966 ஜூலை 14, வியாழக்கிழமை.